துரையின் வால்

மார்ச் 3, செவ்வாய்

விடியலிலிருந்து மழை. ஆபீசுக்குப் போகுமுன் செய்த வேலை: நடைச் சுவரில் ரத்தம் துடைத்தது.

முழங்கால் உயரத்தில், இரண்டு பக்கமும், விசிறி விரித்த மாதிரி. ரயில்வே குவாட்டர்ஸ் நடை அவ்வளவு குறுகல். நாய் அதில் நின்று வாலாட்டினால் இந்தச் சுவரில் ஒரு அடி, அந்தச் சுவரில் ஒரு அடி. நுனிப் புண் ஒவ்வொரு அடிக்கும் வெடிக்கிறது. அலமாரியின் மேல்கூட ஒரு சொட்டு. ஈரத் துணியால் துடைத்தால் இளஞ்சிவப்பாகப் பரவுகிறதே தவிர போகவில்லை. சுண்ணாம்புதான் அடிக்க வேண்டும். மாதக் கடைசியில் ஓவர்சியர் குவாட்டர்ஸ் பார்க்க வருகிறார்.

இது நான்காவது முறை. நவம்பர், கிறிஸ்மஸ், போன மாதம், இப்போது. ஆறும். பொருக்குத் தட்டும். ஒரு சாயங்காலம் என் மனைவி லூர்து, கோயிலுக்கோ கடைக்கோ போய்விட்டு வருவாள், அது வாலாட்டும். தீர்ந்தது.

நாய் வந்த கதையை இந்த நோட்டில் எழுதியதில்லை. நவம்பரில் தெருநாய் சுடுகிறவர்கள் எங்கள் பிரிக்பீல்ட்ஸ் வட்டாரம் முழுக்க வந்தார்கள். இது எங்கள் குளியலறைக்குள் புகுந்துகொண்டது. வால் நுனியில் ரவை பட்டுச் சதை தொங்கியது. துப்பாக்கிக்காரன் வாசலில். லூர்து, பக்கத்து வீட்டில் உப்புக் கேட்கவே தயங்குகிறவள், கதவை மறித்து நின்று, "இது எங்க நாய். லைசென்ஸ் தகடு அறுந்து விழுந்திடுச்சு" என்று பொய் சொன்னாள். நான் அவளுக்குப் பின்னால் நின்றேன்.

துரை என்று பேர் வைத்தாள். வேண்டாம் என்றேன். என் ஆபீஸ் துரை இந்தப் பக்கம் நடந்து போகிறவர். "துரை, வாயைத் திற, துரை, காலைத் தூக்கு" என்று வீட்டுக்குள் கேட்டால் என்ன நினைப்பார்? சிரித்தாள். என் பேச்சுக்கு அவள் சிரித்தது அபூர்வம் என்பதால் பேர் நிலைத்துவிட்டது.

நாயோடு பேச அவளுக்குத் தனிக் குரல் இருக்கிறது. கல்யாணமாகிப் பதிமூன்று வருடம். அந்தக் குரல் அவளிடம் இருப்பதே எனக்குத் தெரியாது.

மார்ச் 5, வியாழன்

வெயில். ஆபீசில் ஒரு வேகன் மிளகாய் தப்பான இடத்துக்குப் போய்விட்டது. சரக்குக் கணக்கு எழுதுகிற கிராணி நான் என்பதால் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். என் தப்பு இல்லை.

வீட்டில் நாற்றம். செத்த எலி என்று அலமாரியை நகர்த்தித் தேடினேன். எலி இல்லை. வால். அதில் சுற்றிய துணியை அவிழ்த்தால் உள்ளே புழு. அரிசி போல, ஆனால் நெளிகிறது.

செய்தவை:
கற்பூரம் கரைத்த தேங்காய் எண்ணெய் ஊற்றினேன். புழு மேலே வந்தது. ஊக்கால் எடுத்தேன். இருபத்தாறு.
ஊதா மருந்துத் தண்ணீரில் கழுவல்.
அயோடின்.
மேலே சைக்கிள் டியூப் துண்டு மாட்டி நூலால் கட்டல்.

புழு எடுத்தவன் நான். மடியில் தலையை வைத்துக்கொண்டிருந்தவள் அவள். "எங்க ராசா, எங்க தங்கம், இதோ முடிஞ்சிருச்சு, இதோ." வலியிலும் வால் ஆடுகிறது! என் கையிலிருந்த வால். என் சட்டை முழுக்கச் சீழ். அயோடின் பட்டதும் திரும்பி என் மணிக்கட்டைக் கடித்தது. அவள் கை அதற்கு இன்னும் பக்கத்தில் இருந்தது. அதை நக்கியது.

பக்கத்து வீட்டுப் பாக்கியம், டிரைவர் மனைவி, சுவருக்கு அந்தப் பக்கம் யாரிடமோ: "நாயோட பேசுறதில பாதி புருசனோட பேசியிருந்தா இந்நேரம் மூணு புள்ள பெத்திருப்பா." சன்னமான சுவர் என்று அவளுக்கும் தெரியும்.

லூர்துவின் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. எண்ணெய்க் கிண்ணத்தைக் கழுவினாள்.

மார்ச் 7, சனி

அரை நாள் ஆபீஸ். மதியம் நாயைக் கூட்டிக்கொண்டு கந்தையா வீட்டுக்கு. யாழ்ப்பாணத்துக்காரர். பந்தயக் குதிரை லாயத்தில் இருபது வருடம் மருந்து கட்டி ஓய்வு பெற்றவர். மாடு, குதிரை, நாய், சமயத்தில் கடன்காரன் அடித்த மனிதன், எல்லாம் பார்ப்பார்.

வாலைப் பிடித்து வெளிச்சத்தில் திருப்பினார்.

"நுனியில சதை இல்லை, கிராணியார். தோலும் எலும்பும்தான். அடிபட அடிபட ஆறாது. பிறகு உள்ளுக்கை அழுகும்."

"கட்டுப் போட்டுத்தாங்க வச்சிருக்கோம்."

"கட்டு நிக்காது. வாலாட்டக் கூடாது. மூண்டு கிழமை ஆட்டாம இருந்தா ஆறும். உதுதான் மருந்து."

"மூணு வாரம் ஆட்டாதேன்னு நாய்கிட்ட எப்படிச் சொல்றது?"

"நாய்க்கு ஆர் சொன்னது? உங்களுக்குச் சொல்லுறன். இது ஆரைக் கண்டா ஆட்டுது?"

லூர்து பெஞ்சு ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். நாய் அவள் பக்கம் பார்த்து, கந்தையாவின் கைக்குள்ளேயே ஆட்டிக்கொண்டிருந்தது.

அவர் அவளைப் பார்த்தார். "அம்மா, நீங்கள் இதோட கதைக்கக் கூடாது. கூப்பிடக் கூடாது. கண்ணுக்குக் கண் பாக்கக் கூடாது. மூண்டு கிழமைக்கு இது உங்கட நாய் இல்லை எண்டு நினையுங்கோ."

"சோறு?"

"அவர் வைக்கட்டும்."

"இல்லாட்டி?"

"இல்லாட்டி வெட்டவேணும். வெட்டினாலும் ஆறும் எண்டு சொல்லேலாது. முதுகெலும்புக்கு ஏறினா முடிஞ்சுது."

திரும்பி வரும்போது வழி முழுக்க அவள் எனக்கு முன்னால் பத்தடி தள்ளி நடந்தாள். நாய் கயிற்றை இழுத்து இழுத்து என் தோள் வலி.

மார்ச் 9, திங்கள்

லூர்து சொன்னால் சொன்னதுதான். நேற்றுக் காலையிலிருந்து நாயை அவள் பார்க்கவில்லை. பக்கத்திலேயே நடக்கிறாள். நாற்காலி கிடந்தால் எப்படி விலகிப் போவோமோ அப்படி.

நாய்க்குப் புரியவில்லை. முதலில் பின்னாலேயே போனது. முன்னால் போய் நின்றது. அவளுடைய செருப்பைக் கொண்டுவந்து காலடியில் போட்டது. அவள் செருப்பைத் தாண்டிப் போனாள். பிறகு குரைத்தது, ஒரே ஒரு தரம், கேள்வி கேட்கிற மாதிரி. அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். தண்ணீர் நிரம்பி வழிந்தது. அவள் கவனிக்கவில்லை.

புண்ணைக் கடிக்காமலிருக்க, அடி இல்லாத பிரம்புக் கூடையைக் கழுத்தில் மாட்டியாகிவிட்டது. பாக்கியம் சுவருக்கு மேல் தலை நீட்டி: "என்னா கிராணி, நாய்க்குக் கூடை? பாசாருக்கு அனுப்பிக் கறிகாய் வாங்கப் போறீங்களா?"

இன்று சாப்பிடும்போது லூர்து என்னிடம் மிளகாய் வேகன் என்ன ஆயிற்று என்று கேட்டாள். கேட்டாள்! சொன்னேன். கொஞ்சம் நீட்டியே சொன்னேன்.

மார்ச் 14, சனி

புண் காய்கிறது. சீழ் இல்லை. நாற்றம் இல்லை. பொருக்குக் கறுப்பாக, கெட்டியாக.

நாய் நடையில் படுத்தே கிடக்கிறது. சோறு பாதி.

நேற்று அவள் என்னிடம் பேசிய வாக்கியங்கள் பதினொன்று. இன்று பதினான்கு, சாப்பாட்டு விஷயம் சேர்க்காமல். அவளுடைய சின்ன வயசில் கிள்ளானில் வெள்ளம் வந்து, பன்றிகள் மிதந்து வந்த கதை. பதிமூன்று வருடத்தில் சொல்லாத கதை. நடுவில் சிரித்தாள். சிரித்ததும் நடையில் கூடை தரையில் உரசுகிற சத்தம். உடனே நிறுத்திக்கொண்டாள்.

இன்னும் இரண்டு வாரம். அதன் பிறகு எல்லாம் பழையபடி. இதை எழுதும்போது எனக்குச் சந்தோஷமாக இல்லை. ஏன் இல்லை என்று எழுதாமல் விடுகிறேன்.

மார்ச் 17, செவ்வாய்

மழை இல்லை. புழுக்கம். காய்ச்சல் என்று சொல்லி மதியமே வீட்டுக்கு வந்தேன். காய்ச்சல் இருந்தது, கொஞ்சம்.

லூர்து மாதர் சங்கத் தையலுக்குப் போயிருந்தாள். வீட்டில் நானும் நாயும். வாசலைப் பார்த்துப் படுத்திருந்தது. நான் உள்ளே வந்தபோது ஒரு கண்ணைத் திறந்து மூடியது. அவ்வளவுதான் எனக்கு. சோறு வைப்பவன் நான். புழு எடுத்தவன் நான்.

நாற்காலியில் உட்கார்ந்தேன். சொன்னேன், மெதுவாக: "லூர்து வந்துட்டா."

எழுந்த வேகத்தில் கூடை சுவரில் மோதியது. வாசலுக்கு ஓடி, கதவிடுக்கில் மூக்கை வைத்து, உடம்பு முழுக்க ஆடியது. வால் இந்தச் சுவர், அந்தச் சுவர், இந்தச் சுவர். பொருக்குப் பெயர்ந்து விழுந்த சத்தம்கூடக் கேட்டது. போதும் என்று நினைத்தேன். நின்றது. யாரும் வரவில்லையே என்று என்னைத் திரும்பிப் பார்த்தது.

"லூர்து வந்துட்டா, துரை."

முதல் தடவை பார்க்க ஆசைப்பட்டேன் என்று வைத்துக்கொள்ளலாம். இரண்டாவதற்கு அந்தச் சாக்கும் இல்லை.

அவள் ஐந்து மணிக்கு வந்தாள். சுவரைப் பார்த்தாள். என்னைக் கேட்கவில்லை. தானே சொன்னாள்: "காலையில நான் பாட்டு முனகிட்டே பாத்திரம் தேய்ச்சேன். அதாங்க. என்னாலதான்."

நான் "இருக்கும்" என்றேன்.

மார்ச் 18, புதன்

இன்று அவள் வளையல்களைக் கழற்றிவிட்டாள். சோப்புப் போட்டு ஒவ்வொன்றாக. சத்தம் கேட்டு நாய் தலையைத் தூக்குகிறதாம். செருப்பு இல்லை. பாட்டு இல்லை. பின் வாசல் வழியாகத்தான் போக வர. இருமல் வந்தால் முந்தானையை வாயில் வைத்துக்கொள்கிறாள்.

என்னிடமும் பேசவில்லை. குரல் கேட்டால் ஆட்டுமாம்.

இதை நான் எதிர்பார்க்கவில்லை.

பாக்கியம், கொல்லையில்: "என்னாடி இது, புருசன் குத்துக்கல்லாட்டம் இருக்கிறப்ப கை மூளியா? நாய்க்காகவா? கருமம் லா." லூர்து துணியைப் பிழிந்துகொண்டே இருந்தாள். பிழிய ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை அதில்.

மார்ச் 20, வெள்ளி

தபசு காலத்து வெள்ளி. சிலுவைப்பாதைக்கு அவள் மட்டும் போனாள். எனக்குத் தலைவலி.

மறுபடி செய்தேன். இரண்டு தரம்.

கோபம்தான். நாய் மேல் இல்லை. ஆனால் நாய்தான் எதிரில் இருந்தது. அவள் வீட்டில் ஊமையாக நடக்கிறாள், வளையலைக் கழற்றுகிறாள், வாயைப் பொத்திக்கொண்டு இருமுகிறாள், எல்லாம் இந்த வாலுக்காக. எனக்கு டைபாய்டு வந்த வருடம் மூன்று வாரம் படுத்திருந்தேன். நன்றாகத்தான் பார்த்துக்கொண்டாள். குறை சொல்ல முடியாது. நர்ஸ் பார்த்துக்கொள்கிற மாதிரி.

இரண்டாவது தரம் நாய் முனகிக்கொண்டே ஆட்டியது. வலிக்கிறது என்று அதற்கே தெரிகிறது. நிறுத்த முடியவில்லை.

சுவரைத் துடைத்து, சுண்ணாம்பும் தடவி, கையைக் கழுவிவிட்டுப் படுத்துக்கொண்டேன். அவள் வந்து என் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள்.

மார்ச் 23, திங்கள்

ஆபீசில் ஓவர்டைம். வேண்டுமென்றே இருந்தேன்.

வால் நுனி கறுப்பு. ஒரு விரற்கடை வரை குளிர்ச்சி, அதற்கு மேல் கொதிக்கிறது. நாய் தண்ணீர் மட்டும் குடிக்கிறது. பின்னங்கால் நடுக்கம். நாற்றம் பாக்கியம் வீடு வரை போயிருக்கிறது. அவள் சாம்பிராணி போடுகிறாள்.

லூர்து கொல்லைப் படியில் உட்கார்ந்து, நாய் இருக்கும் பக்கம் முதுகு காட்டிக்கொண்டு, "இன்னும் என்னா நிறுத்தணும் நானு?" என்றாள். என்னைக் கேட்டாளா என்று தெரியவில்லை. "மூச்சுத்தான் பாக்கி."

சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தேன். "நாளைக்குக் கந்தையாவை வரச் சொல்றேன்" என்று வந்தது.

மார்ச் 24, செவ்வாய்

வெட்டியாகிவிட்டது.

காலை ஏழரை. கொல்லையில் துணி துவைக்கும் பலகை. சோற்றுப் பானையில் கத்தியும் ஊசியும் கொதித்தன. கந்தையாவிடம் குளோரோபார்ம் கொஞ்சம்தான் இருந்தது. "அரைமயக்கம்தான் வரும். தலையைப் பிடிக்க ஆள் வேணும். அம்மா வேண்டாம். அவவைக் கண்டா ஆட்டும்."

ஆகவே நான்.

லூர்து அடுப்படிக்குள். கதவு சாத்தியிருந்தது.

மூட்டு இடுக்கைத் தடவிப் பார்த்துக் கத்தியை வைத்தார். நாய் கத்தவில்லை. ஊதல் மாதிரி ஒரு சத்தம், மூக்கால். கண் திறந்திருந்தது. என்னைத்தான் பார்த்தது, வேறு யாரும் அங்கே இல்லாததால். என் கை அதன் வாய்க்குப் பக்கத்தில்தான் இருந்தது. கடிக்கவில்லை. கடித்திருந்தால் தேவலை.

எலும்பு நறுக்கென்றது. ஆறு தையல். மிச்சம் நான்கு விரல் நீளத்துக்கு ஒரு கட்டை.

வெட்டிய துண்டைக் கந்தையா காகிதத்தில் மடித்துக் கொடுத்தார். நான் பின் சந்துச் சாக்கடையில் போட்டேன். பிறகு லூர்து வந்து, "எங்கங்க அது?" என்றாள்.

"எது?"

"வெட்டினது."

சொன்னேன். சந்துக்குப் போனாள். ஒரு குச்சியை வைத்துக்கொண்டு சாக்கடை ஓரமாகவே ஆற்றுப் பக்கம் வரை நடந்து பார்த்திருக்கிறாள். கிடைக்கவில்லை.

கந்தையா புறப்படும்போது என்னை வாசலுக்குக் கூப்பிட்டார். கையைத் துடைத்துக்கொண்டே:

"ஒண்டு கேக்கிறன். பத்து நாள் நல்லா ஆறி வந்த புண் இது. பிறகு ரெண்டு மூண்டு தரம் அடுத்தடுத்து வெடிச்சிருக்கு. சும்மா அடியில்லை, பலத்த அடி. அம்மா கதைக்கேல்லை எண்டுறா. அப்ப ஆர் இதை ஆட்ட வைச்சது?"

"தெரியலிங்க."

என்னைப் பார்த்துக்கொண்டே சட்டைக் கையை இறக்கிவிட்டார். "நாய் சொல்லாது. அதுதான் கேட்டன்."

மார்ச் 28, சனி

நேற்று ஓவர்சியர் வந்து போனார். சுவர் சுத்தம் என்று எழுதிக்கொண்டார்.

இன்று பாவசங்கீர்த்தனம். பாஸ்காத் திருநாளுக்கு முன் செய்தாக வேண்டும். வரிசையில் எனக்கு முன் ஒன்பது பேர். திரைக்குப் பின்னால் சாமியார், வயதானவர், பிரெஞ்சுக்காரர், தமிழ் சுத்தமாகப் பேசுவார்.

பொய் நான்கு, கோபம், ஞாயிறு பூசை ஒன்று தவறியது. பிறகு: "ஒரு நாய்க்கு வேதனை கொடுத்தேன், சாமி."

"அடித்தீரோ?"

"இல்லை, சாமி."

"பட்டினி போட்டீரோ?"

"இல்லை."

"பின் என்ன செய்தீர்?"

அது சந்தோஷப்படும்படி செய்தேன் என்று எப்படிச் சொல்வது? "வால் அடிபடும்படி விட்டுவிட்டேன்" என்றேன்.

"கவனக்குறைவு. மிருகங்களிடத்தில் இரக்கமாயிரும். மூன்று பிரியதத்த மந்திரம் சொல்லும்."

சொன்னேன். எழுந்தேன். வெளியே வெயில் சுரீரென்றிருந்தது. இவ்வளவு சுலபமாகத் தப்பிவிட்டேனே என்றுதான் முதலில் தோன்றியது. எழுதவே கூச்சமாக இருக்கிறது. ஆனால் அதுதான் தோன்றியது.

மார்ச் 29, குருத்தோலை ஞாயிறு

காலையில் லூர்து அடுப்படியில் தும்மினாள். தும்மல்தான். கட்டை ஆடி இரண்டு தையல் பிரிந்தது.

கந்தையா சொல்லி அனுப்பினார்: அம்மா பத்து நாளைக்காவது வீட்டிலேயே இருக்கக் கூடாது. வாசனைகூட வேண்டாம்.

கிள்ளானில் தன் தங்கை வீட்டுக்கு மதிய ரயில். துணி மூட்டையோடு பின் வாசலால் போனாள். நான் ஸ்டேஷன் வரை. ஏறும்போது, "கூடை கழுத்தை அறுக்குது. துணி சுத்தி வைங்க" என்றாள். "கொதிக்கிற சோறு வைக்காதீங்க. அதுக்கு அவசரம், வாய் சுட்டுக்கும்." பிறகு, ரயில் நகர்ந்த பிறகு, "உங்களுக்கும் சேத்துத்தாங்க சொல்றேன், வேளைக்குச் சாப்பிடுங்க."

உங்களுக்கும் சேத்து.

ஏப்ரல் 1, புதன்

நாய் கட்டிலுக்கடியில். கட்டு மாற்ற வெளியே வருவதில்லை. கையை விட்டால் உறுமல். பிஸ்கட், கருவாடு, ஈரல், எதற்கும் அசையவில்லை.

ஒன்றே ஒன்றுதான் வேலை செய்கிறது. "லூர்து வந்துட்டா" என்றால் வரும். கதவுப் பக்கம் ஓடும். ஓடும்போது கழுத்துக் கயிற்றைப் பிடித்து, முழங்காலுக்கிடையில் இடுக்கி, சுற்றிய துணியை அவிழ்த்து, அயோடின். இனிமேல் விளையாட்டு இல்லை, மருந்து போடத்தான். காலை ஒரு தரம், மாலை ஒரு தரம்.

வேறு வழி இருந்திருக்கும். தேடவில்லை.

ஏப்ரல் 3, பெரிய வெள்ளி

உபவாசம். கோயிலில் இன்று மணிக்குப் பதில் மரமணி தட்டுகிறார்கள்.

மாலைக் கட்டுக்காகக் குனிந்து, "லூர்து வந்துட்டா" என்றேன். வரவில்லை. மறுபடி சொன்னேன். கூடை சுவரோரமாக இன்னும் உள்ளே நகர்கிற சத்தம். அந்தப் பேரைக் கேட்டதும் பின்வாங்குகிறது.

விளக்கை வைத்துப் பார்த்தேன். காதுகளை மடக்கிக்கொண்டு, சுவரில் முகத்தை வைத்து, உடம்பு நடுங்குகிறது. கட்டை அசையவே இல்லை.

எழுந்து நாற்காலியில் உட்கார்ந்தேன். இனிமேல் தையல் பிரியாது.

ஏப்ரல் 8, புதன்

கந்தையா தையல் எடுத்தார். "வடிவா ஆறியிருக்கு. அம்மாவை வரச் சொல்லும். இனிக் கதைக்கலாம், கொஞ்சலாம், என்னவும் செய்யலாம்." கூடையைக் கழற்றினார். கழுத்தைச் சுற்றி மயிர் இல்லை.

கிள்ளானுக்குத் தந்தி.

ஏப்ரல் 10, வெள்ளி

நல்ல வெயில். காலை பத்தரை ரயிலில் வந்தாள். நான் ஆபீசிலிருந்து ஒரு மணி நேரம் கேட்டுக்கொண்டு வந்து வீட்டிலேயே இருந்தேன். அவள் முன் வாசல் வழியாக வந்தாள். வளையல் போட்டிருந்தாள், புதுசு, பச்சை.

"எங்க துரை? எங்க ராசா எங்க?"

அந்தக் குரல். ஒரு மாதமாக அடைத்து வைத்திருந்த குரல்.

நாய் கட்டிலுக்கடியிலிருந்து தலையை நீட்டியது. மூக்கு அசைந்தது. ஒரு கால் முன்னால் வந்தது. நான்தான், பழக்கத்தில், வாய் தவறி, அதற்கு உதவி செய்கிற நினைப்பில், "லூர்து வந்துட்டா, துரை" என்றேன்.

உள்ளே போய்விட்டது. போகும்போது சிறுநீர், தரையில் கோடாக.

லூர்து நின்ற இடத்திலேயே நின்றாள். நாயைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள்.

"இன்னொரு தரம் சொல்லுங்க."

"என்ன?"

"என் பேரு. சொல்லுங்க."

"வேண்டாம், லூர்து."

கட்டிலுக்கடியில் நகம் தரையைப் பிறாண்டுகிற சத்தம். அவள் குனிந்து பார்த்தாள். நிமிர்ந்தாள். "என்ன செஞ்சீங்க?"

சொன்னேன். எல்லாவற்றையும். பதினேழாம் தேதி, இருபதாம் தேதி, பிறகு கயிறு, அயோடின். சாமியாரிடம் சொல்லாததையெல்லாம். நடுவில் அவள் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. முடிந்ததும் ஒன்று கேட்டாள்.

"நான் வளையலைக் கழட்டினேனே, அன்னிக்குத் தெரியுமா உங்களுக்கு?"

"தெரியும்."

"என்னாலதான்னு சொன்னப்ப?"

"தெரியும்."

தலையாட்டினாள். ஏதோ கணக்குச் சரியாக வந்த மாதிரி. பிறகு நான் சொன்னேன், "நீ என்கிட்ட பேச ஆரம்பிச்சே. அந்தப் பன்னிக் கதை. புண் ஆறிட்டா நீ பேச்சை நிறுத்திடுவியோன்னு..." எனக்கே கேட்க அசிங்கமாக இருந்தது. நிறுத்தினேன்.

"பதிமூணு வருசமா நீங்க என்னை ஒண்ணுமே கேட்டதில்லிங்க" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. "நான் என்னாத்தைச் சொல்றது?"

கட்டிலுக்கு முன்னால் தரையில் உட்கார்ந்துகொண்டாள். கூப்பிடவில்லை. கையைத் தரையில் விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் ஆபீசுக்குத் திரும்பினேன். ஐந்தரைக்கு வந்தபோதும் அதே இடம். அடுப்பு பற்றவைக்கவில்லை. நாயின் மூக்கு மட்டும் வெளியே, அவள் விரல் நுனிக்கு ஒரு சாண் தள்ளி.

ஏப்ரல் 11, சனி

காலை ரயிலில் லூர்து கிள்ளானுக்குப் போய்விட்டாள். நாயோடு. ரயில் கார்டு இருக்கிற கடைசி வண்டியில் நாயைத் தனியாக ஏற்ற வேண்டும். அதற்கு ஒரு சீட்டு உண்டு. எழுதிக் கொடுத்தவன் நான்தான், ஸ்டேஷனில் ஆளைத் தெரியும் என்பதால். இனம்: நாட்டு நாய். நிறம்: செம்பட்டை. அடையாளம் என்ற இடத்தில் பேனா நின்றது. அவள் தோளுக்கு மேல் பார்த்து, "வால் இல்லைன்னு எழுதுங்க" என்றாள்.

எத்தனை நாள் என்று நான் கேட்கவில்லை. அவள் சொல்லவில்லை.

பாக்கியம்: "ஊருக்கா? நாயுமா?" நான் கதவைச் சாத்தினேன்.

ஏப்ரல் 15, புதன்

ஆபீஸ். மழை. கடைச் சோறு.

ஏப்ரல் 19, ஞாயிறு

பூசைக்குப் போனேன். பாதியில் வந்துவிட்டேன். கடிதம் எழுதினேன், இரண்டு பக்கம். அவளைக் கேட்க நினைத்த கேள்விகள்: வெள்ளத்தில் பன்றிகளை யார் பிடித்தார்கள்? மாதர் சங்கத்தில் யாரைப் பிடிக்கும்? ரசத்தில் என்ன போடுகிறாய்? படித்துப் பார்த்தால் போலீஸ்காரன் விசாரிக்கிற மாதிரி இருந்தது. ஆனாலும் போட்டேன்.

ஏப்ரல் 24, வெள்ளி

பதில் இல்லை.

ஏப்ரல் 26, ஞாயிறு

முதல் பூசை முடிந்ததும் கிள்ளானுக்கு ரயில். வழியெல்லாம் தூறல். கைப்பையில் ஒரு சீப்பு வாழைப்பழம், அவளுடைய தைலப் புட்டி, நாய்க்கு ஈரல்.

தங்கை புருஷன் ஜேக்கப், துறைமுகத்தில் சரக்கு எண்ணி எழுதுகிற டாலி கிராணி, வாசலிலேயே நின்றிருந்தார். "வாங்கண்ணே, வாங்க. நனைஞ்சிட்டீங்களே." நல்ல மனிதர். அவரிடம் லூர்து ஒன்றும் சொல்லியிருக்கவில்லை என்று முகத்திலேயே தெரிந்தது.

பின்கட்டு வெட்டவெளி. சுவர் கிடையாது, தென்னை மட்டும். லூர்து கிணற்றடியில் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். நாய் அவள் காலடியில். உடம்பு தேறியிருக்கிறது. கழுத்தில் மயிர் முளைத்திருக்கிறது. அவள் ஏதோ சொல்லிக்கொண்டே கழுவினாள். மீனிடமா, நாயிடமா, தெரியவில்லை. கட்டை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய்க்கொண்டிருந்தது, எதிலும் படாமல்.

நான் தென்னையைத் தாண்டினேன். நாய் எழுந்தது. மயிர் சிலிர்த்தது. குரைக்க ஆரம்பித்தது. முன்பு இப்படி அது குரைத்து நான் கேட்டதில்லை. அவளுக்கும் எனக்கும் நடுவில் நின்று, கால்களை ஊன்றி.

ஜேக்கப் சிரித்துவிட்டார். "ஏய் துரை! யாருன்னு தெரியலியா உனக்கு?"

லூர்து மீன் கழுவுவதை நிறுத்தவில்லை. "தெரியுது" என்றாள். "அதான் குலைக்குது."

ஈரல் பொட்டலத்தைக் கிணற்று மேடையில் வைத்தேன். அவள் கையைக் கழுவி, துடைத்து, உள்ளே போய்க் காப்பி கொண்டுவந்தாள். சீனி சரியாக இருந்தது. முன்கட்டில் ஜேக்கப்போடு உட்கார்ந்து குடித்தேன். கப்பல் வரத்துப் பற்றிப் பேசினார். நாய் பின்னால் குரைத்துக்கொண்டே இருந்தது.

டம்ளரை வாங்க வந்தவள் நிலைப்படியில் நின்றாள். கடிதம் வந்ததா என்று கேட்டேன். வந்தது என்றாள்.

பிறகு என்னை ஒரு கேள்வி கேட்டாள். மரியாதையாக, விருந்தாளியைக் கேட்கிற மாதிரி.

"எத்தனை மணி ரயில்ல திரும்புறீங்க?"